கோழிக்கொண்டை மசியல்

செடி வளர்த்துப் பிழைப்பவனுக்குச் செடி அடையாளம் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் தொழிலில் இறங்கினேன்.

அதற்கு முன் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை (நான் வரைபடம் போடுவேன், மண்ணைத் தொட்டதெல்லாம் மற்றவர்கள்). அதை விட்டுவிட்டு வாடிப்பட்டியில் இடம் பிடித்துப் பச்சை வலை கட்டினேன். குழித்தட்டு நாற்றை வாங்கி, பாக்கெட்டில் மாற்றி வளர்த்து, என் செடியையே நான் நடுவது என்று திட்டம். முதல் வேலையைச் சொதப்பினால் பேசாமல் கம்பெனிக்கே திரும்பிவிட வேண்டும் என்பது என் மனைவி செல்வியின் நிபந்தனை.

முதல் வேலை திருப்பரங்குன்றத்தில், பட்டுச்சேலை வியாபாரி ஒருவரின் புது வீடு. வாசலிலிருந்து படி வரை சிவப்புக் கோழிக்கொண்டை. கிரகப்பிரவேசத்தன்று பூத்து நிற்க வேண்டும்.

ஓசூரிலிருந்து நாற்று வந்தது. ஒவ்வொன்றும் விரல் நீளம், வேரைச் சுற்றித் தென்னை நார்த்தூள் கட்டி. பாக்கெட்டுக்கு எரு வேண்டுமே என்று பக்கத்துத் தொழுவத்தில் சரியாக மட்காத சாணியை அள்ளி வந்தேன். அதில் குப்பைக்கீரை விதை கிடந்ததை யார் கண்டது? மாற்றிய கையோடு மூன்று நாள் வெயிலில் வைத்ததில் ஓசூர் நாற்று வாடி, வளராமல் முரண்டு பிடித்தது. கீரையோ தளதளவென்று எழுந்தது. சிறு வயதில் இரண்டும் அண்ணன் தம்பி ஜாடை.

வாடியதையெல்லாம் களை என்று பிடுங்கச் சொன்னேன். வேலைக்கு வந்த பாண்டியம்மாள் அக்கா கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, நீங்க புடுங்கச் சொல்றதுதான் நாத்து. வச்சிருக்கச் சொல்றது குப்பக்கீர."

"ஏக்கா, களை இம்புட்டுச் செழிப்பாவா வளரும்?"

"களைதான் தம்பி செழிப்பா வளரும்."

நான் கேட்கவில்லை. நானே உட்கார்ந்து பிடுங்கினேன். ஒவ்வொரு 'களை'யும் அடியில் நார்த்தூள் கட்டியோடு வந்தது. இந்த ஊர்க் களைக்கு என்ன பிடிமானம் என்று வியந்தேன் (இதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது).

கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன் கொண்டுபோய் நட்டேன். பூ வந்தது, பச்சையாக, எலிவால் கணக்கில். வெயில் பட்டால் சிவக்கும் என்று சமாளித்தேன். விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கார அம்மா வந்தார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். கணவரிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது; நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பி, நிதானமாகத் தமிழில் கேட்டார்: "தம்பி, இது மசியலுக்கா, பொரியலுக்கா?"

அன்றே கொட்டாம்பட்டிப் பக்கம் ஓடி, பூத்த செடிகளை வாங்கி வந்தேன். பாண்டியம்மாள் அக்காவும் நானும் கீரையைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் பொழுது சாயும்வரை நட்டோம். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

பிடுங்கிய கீரை வீணாகவில்லை. விசேஷத்தன்று என் இலையில் மசியலாக வந்தது. அந்த அம்மா பரிமாறுபவரிடம், "இவருக்கு இன்னொரு கரண்டி வைங்க, இவர் போட்ட தோட்டம்தான்" என்றார். உண்மையைச் சொன்னால் ருசியாக இருந்தது. கிளம்பும்போது, மாடியிலும் தோட்டம் போட வேண்டும், ஆனால் நாற்றை அந்த அக்கா பார்க்கட்டும் என்றார். செல்வியின் நிபந்தனையிலிருந்து தப்பினேன்.

இன்று வாடிப்பட்டியில் பாண்டியம்மாள் அக்கா தலையாட்டாமல் நான் ஒரு புல்லைக்கூடப் பிடுங்குவதில்லை. நிம்மதியாக இருக்கிறேன். வீட்டில் கீரை சமைத்தால் மட்டும், என் மகள் தட்டைத் தொடாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பாள்: "அப்பா, இது கோழிக்கொண்டதான?"

ஆமாம் என்று நான் சொன்ன பிறகுதான் சாப்பிடுவாள்.