பின் சீட்டில் கேட்ட சத்தம்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு மகள் எழுதுவது. நான் நலம். நீங்களும் சித்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள். வண்டி நலமில்லை என்று எனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துப் போட்டவள் நான்தானே.

"கிலுக் கிலுக்னு ஒரு சத்தம். நீ ஃபாக்டரியில வண்டி டெஸ்ட் பண்ணவதானே, கண்டுபிடி. இல்லேன்னா புரோக்கர்கிட்ட தள்ளிடுறேன்" என்றீர்கள். நான் ஓட்டப் பழகிய வண்டி. விடுவேனா?

ராத்திரி ஷிப்டில் இருந்தபோது எங்கள் வேலையே அதுதான். ஆலைக்குப் பின்னால் வேண்டுமென்றே குண்டும் குழியுமாகப் போட்ட பாதை. புது வண்டியை ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே சத்தம் வருகிறது என்று கேட்க வேண்டும். என் ஜோடிக்கு ராடார் அக்கா என்று பெயர். "கண்ண மூடு, வாயையும் மூடு, வண்டி பேசட்டும்" என்பார். ஏறும்முன் சாவி, சில்லறை, வளையல் எல்லாம் ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்ட சூப்பர்வைசரே ஒரு ராத்திரி ஏறி உட்கார்ந்து, ஏதோ ஆடுகிறது என்று பிடிவாதம் பிடித்து, நாங்கள் சீட்டைக் கழற்றி, கதவு அட்டையைக் கழற்றி, விடியும் நேரத்தில் அவர் தும்மினார். சத்தம் அவர் பாக்கெட்டிலிருந்து வந்தது. சாவிக்கொத்து. அக்கா சிரிக்கவேயில்லை. "வண்டி பாஸ் சார். உங்களத்தான் கழட்டிப் பாக்கணும்" என்றார்.

இப்போது அந்தப் பின் சீட்டில் ஆளுக்குப் பதில் மைக் உட்கார்ந்திருக்கிறது. அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டார். எனக்குப் பகல் ஷிப்ட், சுழல் நாற்காலி. ஆனாலும் பஸ்ஸில் கண்ணை மூடினால் எந்த ஜன்னல் லூஸ் என்று காது சொல்லிவிடுகிறது. பக்கத்தில் அக்கா இல்லையே என்றுதான் இருக்கும்.

அந்தத் திமிரில்தான் உங்களை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தேன். டாஷ்போர்டைப் பிரிச்சேன், பூட்டினேன், ரெண்டு ஸ்க்ரூ மிச்சம், அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியல, பின் சீட்டு இப்ப உங்க ஹால்ல, சித்தி அதுல உட்கார்ந்து டிவி பாக்கிறாங்க, திருப்பித் தரமாட்டேங்கிறாங்க, மறுபடி நீங்க ஓட்டினா சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. என் காது போச்சு சித்தப்பா. விற்றுவிடுங்கள். கொடுக்கும்முன் ஒரு தடவை நான் ஓட்டிக்கொள்கிறேன்.

சித்திக்கும் பின் சீட்டுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தோற்றுப்போன மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது சித்தி போன் பண்ணினார்கள். நீங்கள் மாடிப்படி ஏறும்போதும் அதே கிலுக் கிலுக் கேட்டதாம். சட்டைப் பையில் கைவிட்டால் மிட்டாய் டப்பா, டாக்டர் தொடவே கூடாது என்றாரே, அதே மிட்டாய். அன்றைக்கு வண்டி ஏறும்முன் பெரியவரிடம் பாக்கெட்டைக் காலி பண்ணச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவாக இருந்தால் தட்டை நீட்டியிருப்பார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். புரோக்கரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி பாஸ். உங்களைச் சித்தி கழற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.