ஆறு மணி நேரத்தில் லண்டன்

மாரிகுப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை ரூபேஷ் அவர்களுக்கு, மாமனார் ராஜப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பாப்பம்மாவும் சுகம். லண்டனில் நீங்களும் நளினியும் கம்பளி போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறோம்.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நான் வார்த்தை தேடி முடிப்பதற்குள் சிக்னல் இல்லை என்று நினைத்து நீங்கள் வைத்துவிடுகிறீர்கள்.

போன மாதம் நீங்கள் நளினியை அழைத்துக்கொண்டு விமானம் ஏறியதிலிருந்து பாப்பம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் நானும் சாப்பிடவில்லை. சில நாள் அவள் சாப்பிட்ட பிறகும் நான் சாப்பிடவில்லை, அது வேறு விஷயம். எட்டாயிரம் கிலோமீட்டர் என்று பக்கத்து வீட்டுத் தாமோதரன் வேறு கணக்குச் சொல்லியிருந்தார். அப்போதுதான் நீங்கள் அனுப்பிய டிக்கெட் படம் போனில் கண்ணில் பட்டது. பெங்களூரில் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, லண்டனில் அதே நாள் மதியம் ஒரு மணிக்கு வருகை. விரல் விட்டு எண்ணினேன். ஆறே மணி நேரம். இங்கே ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, சென்னை போய்ச் சேரவே அவ்வளவு ஆகிறது.

"இன்னாமே, அப்பல்லாம் நான் தங்கச் சொரங்கத்துல கேஜ்ல எறங்கி ஷிப்ட் முடிச்சி மேல வரவே எட்டு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள நளினி ஊரே வந்துரும்" என்றேன். பாப்பம்மா தட்டை எடுத்து வைத்தாள். "ஆமாங்க, பக்கம்தான். வந்து சாப்புடுங்க" என்றாள். அன்று மூன்று களி உருண்டை சாப்பிட்டேன்.

அதன் பிறகு சில சங்கடங்கள் நடந்தது உண்மைதான். ஆறு மணி நேரத்தில் கெடாது என்று கருவாட்டுக் குழம்பைத் தூக்கில் ஊற்றி, பாப்பம்மா வேண்டாம் என்றும் கேளாமல் பார்சல் கடைக்குக் கொண்டுபோக, கடைக்காரர் பத்து நாள் ஆகும் என்று சொல்ல, மனுஷனுக்கு ஆறு மணி நேரம் குழம்புக்குப் பத்து நாளா என்று நான் கேட்க, பேச்சு முற்றித் தூக்கு கவிழ்ந்து அன்று கடையையே சாத்தும்படி ஆயிற்று. வேலூரில் என் தங்கை, "பொண்ண இன்னாண்ணா அவ்ளோ தூரத்துல குடுத்துட்ட" என்றாள். உன் மகன் இருக்கும் சென்னையைவிட லண்டன் கிட்டம் என்று சொல்லிவிட்டேன். அவள் இப்போது பேசுவதில்லை.

இருந்தாலும் மனசு நிறைந்திருக்கிறது. உலகத்தில் எத்தனையோ தூர தேசம் இருக்க, பார்த்துப் பார்த்து ஒரு கிட்டமான ஊரில் வேலை தேடிக்கொண்டீர்களே, அந்த நல்ல மனசுக்கு நன்றி.

சண்டை வந்தாலும் சோற்று வேளைக்குள் தீர்ந்துபோக ஆசீர்வதிக்கும்,
மாமனார் ராஜப்பா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது தாமோதரன் வந்தார். "அங்க மதியம் ஒன்னுன்னா நம்ம ஊர்ல சாயங்காலம் அஞ்சரைப்பா. பிளேன் பத்தரை மணி நேரம் போவுது" என்றார். பாப்பம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று சமையலறை வாசலிலேயே நின்றேன். அவளாகவே திரும்பி, "தெரியும்ங்க. நளினி போய் எறங்கின அன்னிக்கே சொல்லிட்டா" என்றாள்.

"அப்ப ஏன்மே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி இன்னா பண்றது? நீங்க ஆறு மணி நேரம்னு சொன்ன அன்னிக்குத்தான் சோறு துன்ன ஆரம்பிச்சீங்க. நளினியும் அதக் கேட்டு, அப்பாவ அப்டியே விட்ரும்மான்னா."

ஆகவே மாப்பிள்ளை, நன்றி அப்படியே இருக்கட்டும். நளினி கேட்டால் மட்டும், அப்பா இன்னும் ஆறு மணி நேரம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். பாப்பம்மாவையும் அவளிடம் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன். அங்கே நளினியும் சாப்பிட வேண்டும் இல்லையா.