தொடையில் இடமில்லை

அன்று சாயங்காலம் ஒரு வீர முடிவெடுத்தேன். இனி ஊசி கிடையாது!

என் வியாதிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். என் உடம்பே என் நரம்புகளைக் கடித்துக் குதறுகிறது. அதை அடக்கி வைக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்கு நானே ஊசி குத்திக்கொள்ள வேண்டும். குத்திய இடம் சிவக்கும், தடிக்கும், அரிக்கும். தொடை இரண்டும் பெயர்ந்த தார் ரோடு. வயிற்றில் மேடு, பக்கத்திலேயே பள்ளம். உடம்பெல்லாம் ஊசி. மனசும் ஊசிப் போய்விட்டது.

குளியலறையைத் தாழிட்டேன். மருந்தை வாஷ்பேசினில் பீய்ச்சினேன். தடயம் வேண்டுமே? தொடையில் ஓங்கி ஒரு அறை. நன்றாகச் சிவந்தது.

வெளியே மனைவி நின்றிருந்தாள்.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

"எங்கே, காட்டுங்க."

காட்டினேன். குனிந்து பார்த்தாள். அவள் தையல்காரி. ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும்.

"ஏங்க, ஊசிக்கு அஞ்சு விரலா?"

"அது... கொசு. அடிச்சேன்."

"செத்துச்சா?"

"தப்பிச்சிருச்சு."

"நீங்க தப்பிக்க முடியாது. உட்காருங்க."

"முடியலைம்மா. பேன்ட் உரசினாலே எரியுது. ஆபீஸ்ல மேஜைக்கு அடியில கையை விட்டுச் சொறியறேன். பக்கத்து சீட்டு அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை.

"போன வருஷம் மருந்தை விட்டீங்க. கண்ணு மங்கிப் போச்சு. என் முகம் பாதிதான் தெரியுதுன்னு அழுதீங்க."

"பாதி தெரிஞ்சப்ப உன் மேல பயமும் பாதியாத்தான் இருந்துச்சு."

இதற்கும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அடுத்த தடவை கண்டிப்பா போட்டுக்கறேன். இன்னிக்கு மருந்துதான் சாக்கடைக்குப் போயிருச்சே" என்றேன், உள்ளூரக் கொஞ்சம் குஷியாக.

"போனது வெறும் தண்ணி. போட்டுப் பழக நர்ஸ் குடுத்த ஊசி. காலையில ஃப்ரிட்ஜைத் திறந்து பெருமூச்சு விட்டீங்களே, அப்பவே மாத்தி வெச்சிட்டேன்."

கையை விரித்தாள். அசல் ஊசி!

"குளிர் போகட்டும்னு முன்னாடியே எடுத்து வெச்சேன். எரிச்சல் குறையுமாம்."

"குத்த இடமே இல்லையேம்மா!"

"உங்களுக்குக் கை எட்டற இடத்துலதான் இல்லை. திரும்புங்க."

திரும்பினேன். இடுப்புக்குக் கீழே சுருக்கென்றது.

"ஐயோ!"

"வலிக்குதா?"

"வலிக்குது!"

"நல்லது. அந்த நரம்பாவது உயிரோட இருக்கு."

மறுநாள் அங்கேயும் தடித்துவிட்டது. இனி உட்காரவும் வழியில்லை.