முழங்கையைத் தூக்கு

மூன்றாம் பேஸிலிருந்து கேப்டன் நெட்டை வீசிய பந்து முதல் பேஸுக்கு நாலடி முன்னால் விழுந்து, மெதுவாக உருண்டு, அங்கே நின்றிருந்த பெண்ணின் ஷூவில் முட்டி நின்றது. அதற்குள் பந்தை அடித்துவிட்டு ஓடி வந்தவள் பேஸைத் தாண்டிப் போய், ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டாள்.

கெமிஸ்ட்ரி சார் வாயிலிருந்து விசிலை எடுத்தார். விளையாட்டு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், ஆறாம் ஏழாம் வகுப்புப் பெண்களின் சாப்ட்பால் டீம் அவர் தலையில் விழுந்திருந்தது. விழுந்தது என்று வெளியில்தான் அலுத்துக்கொண்டார். காலேஜில் ஆடியவர். உள்ளுக்குள் ஒரே குஷி.

குஷி ஒரு வாரம்தான் தாக்குப்பிடித்தது. மூன்று வாரத்தில் பக்கத்துப் பள்ளியோடு மேட்ச். அதில் ஒரே ஒரு ஆளையாவது, அவள் வந்து சேருமுன் பந்தைச் சேர்த்து, முதல் பேஸில் அவுட் ஆக்கிக் காட்டாவிட்டால் டீமின் விளையாட்டுப் பீரியடை அல்ஜீப்ராவுக்கு எடுத்துக்கொள்வேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவர் கணக்கு டீச்சரும்கூட. சொன்னால் செய்வார். பன்னிரண்டு பெண்களுக்கும் வாரத்தில் மேலே வெயில் படுகிற பீரியட் அது ஒன்றுதான்.

"இன்னும் நாலடிதானே சார். கொஞ்சம் பழகினா போயிடும்" என்றாள் நெட்டை.

"நாலடி பிரச்சினை இல்லம்மா. அடிப்படையே சரியில்ல. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார் சார்.

பந்தின் தையலுக்குக் குறுக்கே விரல்களை வை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு. கிளவுஸ் போட்ட கையை இலக்கை நோக்கி நீட்டு. முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கு. ஒரு எட்டு வைத்து வீசு. அவர்களுக்கு எதிரே நின்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பாதிப் பேர் ஒரு பக்கம் திரும்பினார்கள், பாதிப் பேர் மறு பக்கம் திரும்பினார்கள். நடுவில் இருந்த இருவருக்கு மூக்கோடு மூக்கு இடித்தது.

எதிரே நின்று காட்டினால் கண்ணாடியைப் பார்ப்பது போல எல்லாம் மாற்றித்தான் புரியும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி, முதுகைக் காட்டி நின்றார். பரிசோதனைக் கூடத்தில் சொல்வதை இங்கேயும் சொன்னார்.

"நான் என்ன பண்றேனோ, அதை அப்படியே பண்ணணும். சொந்த புத்தி வேண்டாம். சந்தேகமெல்லாம் கடைசியில."

இருபது வருஷமாக ஒரு பிள்ளையின் புருவம்கூடப் பொசுங்காமல் காப்பாற்றிய விதி அது. பெண்கள் அச்சுப் பிசகாமல் செய்தார்கள். பந்து இப்போது பதினைந்தடி முன்னாலேயே விழுந்தது.

குறை கிளவுஸில் இருக்கும் என்று ஸ்டோர் ரூமில் கிடந்த பள்ளிக் கிளவுஸ் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார். கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் போய்ச் சிக்கிக்கொண்டது. இதைப் போட்டுக்கொண்டு பாவம் எந்தப் பிள்ளையால் ஆட முடியும் என்று வாய்விட்டே புலம்பினார். அன்று மாலையே பீரோவிலிருந்து தன் காலேஜ் கிளவுஸைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, மாதிரிக்காகக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பன்னிரண்டுமே இப்படியா சார்?"

"பன்னிரண்டும் அச்சு அசலா இதே மாதிரி."

"இல்ல, டீம்ல எல்லாருக்குமேவா?"

தொழில் தெரியாதவர்கள் எல்லாம் கடை வைத்தால் இப்படித்தான் என்று சார் நினைத்துக்கொண்டார்.

புதுக் கிளவுஸ் வந்தது. சார் ஒன்றை மாட்டிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி இறங்கியது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி மாட்டிக்கொண்டார்கள். போடப் போடப் பழகிவிடும் என்று தைரியம் சொன்னார். அதன் பிறகு பந்து முன்னால் போவதையே நிறுத்திவிட்டது. ஒன்று சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. ஒன்று வீசியவளுக்கே பின்னால் விழுந்தது. அறிவியலில் இதற்கு இடம் உண்டா என்று பிசிக்ஸ் டீச்சரைப் பிடித்துக் கேட்டார். அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தினமும் வீட்டுச் சுவரில் நூறு தடவை பந்தை வீசிப் பழக வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். மூன்றாம் நாள் பெற்றோர் வந்தார்கள். ஒரு வீட்டில் டியூப்லைட், ஒரு வீட்டில் மீன் தொட்டி, ஒரு வீட்டில் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி. அது சித்தப்பாவின் மூக்கிலேயே இருந்தபோது உடைந்தது. அந்த வாரக் கடைசியில் ஒரு பந்து தலைமையாசிரியையின் ஜன்னல் வழியாக நுழைந்து, அவர் போட்டுக்கொண்டிருந்த புது டைம்டேபிளின் மேல் உட்கார்ந்தது.

மேட்ச் நாள். சாரின் தொண்டையில் பாதிதான் மிச்சம் இருந்தது. அந்தப் பாதியையும் "முழங்கை, முழங்கை" என்றே தீர்த்தார். முழங்கைகள் எல்லாம் தூக்கித்தான் இருந்தன. பந்துதான் எங்கெங்கோ போனது. எதிர் டீம் ஓடி ஓடியே களைத்துப் போனது. அம்பயர் நாற்காலியை வேப்பமரத்துக்குப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு இன்னிங்ஸ் பாக்கி இருக்கையில் இடைவேளை விட்டார்கள்.

நெட்டை அவரிடம் தனியாக வந்தாள்.

"எங்களுக்கு வராதா சார்? நேராவே சொல்லிடுங்க. நான் மத்தவங்ககிட்ட மெதுவா சொல்லிக்கறேன்."

மூன்று வாரமாகக் கத்திய மனுஷனுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. கோபம் வந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும், இது புதிது. உங்கள் மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பினார். பிறகு நேரே பந்தலுக்குப் போய்த் தலைமையாசிரியையின் முன்னால் நின்றார்.

"அல்ஜீப்ராவே வெச்சுக்குங்க மேடம். வீசுறதெல்லாம் பிறவியிலேயே வரணும். இந்தப் பிள்ளைங்களுக்கு வரல. பாவம், சும்மா படுத்தறேன்."

தலைமையாசிரியை டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார்.

சார் திரும்பி நடந்து வந்தார். பெண்கள் தண்ணீர் குடித்து முடித்து, காலி பாட்டில்களைக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டி இருபதடி தள்ளி இருந்தது. எழுந்து போகச் சோம்பல்பட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசினார்கள். ஒரு பாட்டில் உள்ளே விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. வரிசையாகப் பதினொன்றும் உள்ளே. கடைசியாக நெட்டை எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு எட்டு வைத்து வீசினாள். பாட்டில் நூல் பிடித்த மாதிரி போய்த் தொட்டிக்குள் இறங்கியது.

சாருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"இதே மாதிரி பந்தையும் வீசினா என்ன? மூணு வாரமா நான் தொண்டை கிழியக் கத்தறது இதைத்தானே? பாட்டில்னா வருது, பந்துன்னா வராதா?"

டீமிலேயே சின்னவளான பொடிசுதான் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"பாட்டில்னா சோத்துக்கையாலயே வீசலாம் சார். பந்தைத்தான் உங்கள மாதிரியே பீச்சாங்கையால வீசணும்."