துவக்கும் நீலப்பூக் கிண்ணமும்

"அவனுக நேத்தும் வந்துட்டானுக தம்பி! ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, குடும்பத்தோட!"

பெரகலைச் சந்திக்குக் கீழே, தன் போஞ்சிக்காய்த் தோட்டத்து மூலையில் நின்று பஸீல் போனில் கத்திக்கொண்டிருந்தார். அங்கே சிக்னல் கிடைப்பது ஒரு கொய்யா மரத்தடியில் மட்டும்தான். அதுவும் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றால்தான்.

மறுமுனையில், பதுளையிலிருந்து எம்.பி.யின் இணைப்புச் செயலாளர் நிஷாந்த் கேட்டான். "யாருங்க பேசுறது?"

"பெரகல பஸீல்."

"ஓ... துவக்கு பஸீலா?"

பஸீலுக்குக் குளிர்ந்துவிட்டது. பண்டாரவளைக் கடைத்தெருவில் தன்னைத் தெரியும். பதுளை வரைக்குமா? அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அதே பஸீல்தான். அவனுக வந்து திங்குறது போதாதுன்னு உருண்டு பொரண்டுட்டுப் போறானுக. என்ட துவக்கு மட்டும் கையில இருந்திச்செண்டா ஒருத்தனையும் விடமாட்டேன். ஐயாட்ட செல்லி வாங்கித் தாங்க."

"நீங்க அங்கேயே இருங்க" என்றான் நிஷாந்த்.

விஷயம் இதுதான். துப்பாக்கி லைசன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துவக்கை ஒப்படைக்க வேண்டும், தேவை உண்மையென்று தெரிந்தால் திருப்பித் தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. பஸீலும் தன் வாப்பா காலத்துத் துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது போல் ஸ்டேசனில் கொண்டுபோய் விட்டார். அதன்பிறகு அது திரும்பி வரவேயில்லை. காட்டுப்பன்றிகளுக்கு இந்தச் செய்தி யார் சொன்னதோ தெரியவில்லை, அடுத்த வாரமே வந்துவிட்டன. இரண்டு போகம் மண்ணோடு போயிற்று. மூன்றாவதும் போனால் காணியை விற்றுவிடலாம் என்று, பண்டாரவளையில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் றிஸாத் சொல்லிவிட்டான். வாப்பா காடு வெட்டித் திருத்திய காணி அது. விற்பது என்ற சொல்லைக் கேட்டாலே பஸீலுக்குச் சோறு இறங்காது.

எம்.பி. ஒரு வார்த்தை சொன்னால் துவக்கு வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. நம்பியதோடு விட்டாரா? ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் நின்று, "போஞ்சி ஆயுறதுக்குள்ள துவக்கு என்ட கையில ஈக்கும்" என்று ஊருக்கே சொல்லிவைத்திருந்தார். தவளை தன் வாயால் கெடும்.

அரைமணி நேரத்தில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

சார்ஜன் இறங்கி, பஸீலின் இரண்டு கைகளையும் முதலில் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாக, காய்ச்சல்காரனிடம் பேசுவது போல் கேட்டார். யாரைச் சுடப் போகிறீர்கள்? அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது? காணித் தகராறா?

பஸீலுக்கு வியர்த்தது. அவர் வளர்ந்த வீட்டில் அந்த மிருகத்தின் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை. உம்மா காலத்திலிருந்தே 'அவனுக'தான். சோற்றுக்கு முன்னால் பெயரைச் சொன்னால் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். இப்போது பெயரைச் சொல்லாவிட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். நல்லவேளை, தமிழில் வராத சொல் சிங்களத்தில் வந்தது.

"ஊரோ, சேர்! வல் ஊரோ!" என்று காட்டுப்பன்றிகளின் பெயரை இரண்டு தரம் சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

சார்ஜன் சிரித்த சிரிப்பில் ஜீப்பின் டிரைவர் இறங்கி வந்துவிட்டார். சத்தம் கேட்டுப் பஸீலின் மனைவி றஷீனா வீட்டிலிருந்து பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். "இவருக்குப் பேசத் தெரியாது சேர். ஆனா மனசுல ஒண்டுமில்ல" என்றாள். ஜீப் போன பிறகு கணவரிடம், "துவக்கே இல்லாம போலீஸ் வருது. இருந்தா என்ன வரும்?" என்றாள். பஸீல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்களைச் சுடப் போகிறார் என்று நினைத்துப் போலீஸை அனுப்பிய தப்புக்கு வருந்தி, நிஷாந்த் ஒரு பெட்டி ஆனை வெடி அனுப்பிவைத்தான். ஆனையே ஓடும் வெடி. போஞ்சி தின்னும் ஜாதிக்கு அது போதாதா என்ன?

அன்று அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு, பக்கத்துத் தோட்டக்காரன் முத்தையாவைக் கூட்டிக்கொண்டு பஸீல் வரம்பில் உட்கார்ந்தார். முத்தையா லீக்ஸ் பயிர் போடுகிறவன். மற்ற நேரத்தில் ஆட்டோ ஓட்டுவான். சிநேகிதம் இருபது வருசத்துக்கு மேலே. பஸீலை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவான். பனிக்குக் கறுப்பு மழைக்கோட்டு ஒன்றைப் போர்த்தியிருந்தான். கோட்டின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். கறுப்பு டேப் வைத்து ஒட்டியிருந்தான்.

அந்த ஓட்டைகள் பஸீலின் கைவண்ணம். துவக்கை ஒப்படைப்பதற்குச் சில வாரம் முன்பு, மூடுபனியில் வேலியோரம் கறுப்பாக ஏதோ அசைய, பஸீல் பட்டென்று வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் வேலியில் முத்தையாவின் கோட்டு தொங்கியது. புதருக்குப் பின்னாலிருந்து முத்தையா மூச்சிரைக்க எழுந்து வந்து, "நல்லவேளை நானா, இப்பதான் கழட்டி மாட்டிட்டு ஒதுங்கினேன்" என்றான். அந்தக் கதையைச் சொல்லிப் பஸீல் இன்னும் சிரிப்பார். "குறி மட்டும் தப்பல பாத்தியா!" என்பார். முத்தையாவும் கூடவே சிரிப்பான், கொஞ்சம் பிந்தி.

பன்றிகள் வந்தன. பஸீல் வெடியைக் கொளுத்தி வீசினார். மலையே அதிர்ந்தது. மிரண்ட கூட்டம் வந்த வழியே போகாமல் போஞ்சிப் பந்தலை ஊடறுத்து, முத்தையாவின் லீக்ஸ் பாத்திக்குள் இறங்கி, அதையும் உழுதுவிட்டுப் போயிற்று. இரண்டாவது வெடி காற்றில் திரும்பி உரக் கொட்டிலின் கூரையில் விழுந்தது. தறப்பாள் பற்றி எரிந்தது. பன்றி ஒரு வாரத்தில் செய்யும் வேலையைப் பஸீல் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"உன்ட லீக்ஸும் போச்சேடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

முத்தையாவுக்குக் கோபமே வரவில்லை. "பரவாயில்ல நானா. வெடிதான் நல்லது. சத்தத்தோட போயிருது பாருங்க."

"என்னடா நல்லது? துவக்குதான் ஒரே வழி. ஞாயித்துக்கிழம நேர்ல போவோம். நீ சாட்சிக்கு வா."

"நான் எதுக்கு நானா? ஆட்டோவ மட்டும் அனுப்புறேனே."

"ஆட்டோ தானா ஓடுமாடா?"

பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? வட்டலப்பம் செய்யச் சொன்னார் பஸீல். றஷீனாவின் வட்டலப்பத்துக்குப் பண்டாரவளையிலேயே பெயர். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் எல்லோரும்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அவள் கை பட்டால் அது வேறு. அவள் முகம் கோணாமல் செய்து, ஒரு சில்வர் டப்பாவில் வைத்துக் கொடுத்தாள்.

"நம்மட நீலப்பூக் கிண்ணம் எங்க? உம்மா சீதனமாத் தந்தது? அதுல கொண்டுபோனா ஒரு மதிப்பு" என்றார் பஸீல்.

றஷீனா அடுப்பைத் துடைத்தபடியே, "முத்தையா வூட்டு விசேசத்துக்குக் குடுத்தேன்" என்றாள்.

ஆட்டோவோடு வாசலில் நின்ற முத்தையா அவசரமாக, "ஆமா ஆமா, எங்க வூட்லதான் இருக்கு" என்றான். "நானா, மழையா இருக்கே, இன்னொரு நாள் போவமா?"

மழையைச் சாக்குச் சொன்னால் ஊவா மலைப்பக்கத்தில் ஒரு வேலையும் நடக்காது. புறப்பட்டார்கள்.

பதுளையில் எம்.பி. வீட்டு வாசலில் காவலாளி பஸீலின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றான். சட்டையைத் தடவினான், ஆட்டோவின் சீட்டைத் தூக்கினான், டப்பாவைத் திறந்து வட்டலப்பத்துக்குள் ஒரு கரண்டியை விட்டு அடிவரை துழாவினான். துழாவியதில் கொஞ்சம் அவன் வாய்க்குள்ளும் போயிற்று. அதன்பிறகு மரியாதை கூடியது. ஆனால் வட்டலப்பம் பன்றி புகுந்த பாத்தி மாதிரி ஆகிவிட்டது.

"நான் வெளியவே இருக்கேன் நானா" என்ற முத்தையாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். ஈரக் கோட்டைக்கூடக் கழற்ற விடவில்லை.

எம்.பி. நல்ல மனிதர். முழுவதையும் கேட்டார். இடையிடையே முத்தையாவைப் பார்த்தார். முத்தையா சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"பஸீல் நானா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார் எம்.பி. "ஒன்னு செய்வோம். சோலர் கரண்டு வேலி. தொட்டா சுள்ளுன்னு ஒரு அதிர்ச்சி, சாகாது, திரும்பி வராது. உங்க காணிக்கும் முத்தையா காணிக்கும் சேத்து என் நிதியில போட்டுத் தாறேன். போஞ்சி ஆயிறதுக்குள்ள வேல முடியும். காணி தப்பிச்சிரும்."

காணி தப்பிவிடும் என்ற சொல்லில் பஸீலின் நெஞ்சு ஒரு கணம் இளகியது. 'சரி ஐயா' என்று வாய்வரை வந்தது. ஆனால் பள்ளிவாசல் படி நினைவுக்கு வந்ததே!

"வேலியும் போடுங்க, துவக்கும் தாங்க ஐயா. என்ட வாப்பாட துவக்கு அது. நீங்க ஏன் யோசிக்கிறீங்கண்டு எனக்கு விளங்கல."

"துவக்குன்னா ஒரு பயம் இருக்கத்தானே செய்யும் நானா. மூடுபனி, வயசு, கண்ணு..."

பஸீலுக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். "அல்லாவுக்குப் பொதுவாச் செல்றேன் ஐயா. என்ட வாப்பா காலத்துல இருந்து இண்டைக்கு வரைக்கும் அந்தத் துவக்கால ஒரு மனிசனுக்கு ஆபத்து வந்ததெண்டு ஒருத்தன் வந்து செல்லட்டும், நான் துவக்கு வாணாமெண்டு போறேன். இந்தா நிக்கிறான் முத்தையா, என்ட கூடப்பிறக்காத தம்பி. அவனக் கேளுங்க! செல்லுடா!"

முத்தையா கலண்டரில் அடுத்த மாசத்தைப் புரட்டினான். எம்.பி. இருமினார்.

அப்போது உள்ளேயிருந்து சமையல்கார அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். தட்டை வைத்தவள், பஸீல் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே ஓடி, கையில் ஒரு பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். மூடி போட்ட, நீலப்பூப் போட்ட கிண்ணம். உள்ளே பலாச்சுளை நிறைந்திருந்தது.

பஸீல் கிண்ணத்தைப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் றிஸாத் சின்ன வயதில் போட்டு உடைத்த அதே வெடிப்பு.

"இந்தக் கைப்பக்குவம் அந்த அம்மாவோடதுதானே?" என்றாள் சமையல்காரி. "எப்ப வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. போன மாசம் வந்து, 'எங்க வூட்டுக்காரர் நல்ல மனுசன், தெரிஞ்சா அவரால தாங்க முடியாது, துவக்க மட்டும் குடுத்துறாதீங்க'ன்னு அழுதுட்டு, கிண்ணத்த விட்டுட்டுப் போயிட்டாங்க. வெறுங்கிண்ணமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல, அதான் சுளை வெச்சேன்."

பஸீல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். என்ன தெரிந்தால் தாங்க முடியாது என்று அவருக்கு விளங்கவில்லை. றஷீனா எப்படிப் பதுளை வரைக்கும் வந்தாள் என்பதும் விளங்கவில்லை. மெதுவாக முத்தையாவின் பக்கம் திரும்பினார்.

சமையல்காரியும் அப்போதுதான் முத்தையாவை, டேப் ஒட்டிய அவன் கோட்டைப் பார்த்தாள்.

"அட, சம்சாரத்தோட சேந்து அந்த அம்மாவக் கூட்டியாந்தவரு நீங்கதானே? சுடும்போது இந்தக் கோட்டுக்குள்ள இருந்தீங்களே, காலுல பட்ட காயம் இப்ப ஆறிருச்சா ஐயா?"