சுகாசினி ஆரி ஒர்க்ஸின் சரியான முகவரி

அன்புள்ள யேசுதாஸ் சித்தப்பாவுக்கு,

ஓரிக்கையிலிருந்து ஜெபகுமார் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், என் கோபமும் நலம். அம்பத்தூரில் நீங்களும் சித்தியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அக்கா கடைக்கு நான் இணையதளம் செய்தது உங்களுக்குத் தெரியும். பட்டுப்புடவை வாங்கக் காஞ்சிபுரம் வருகிற கல்யாணக்காரர்கள், பிளவுஸில் ஆரி வேலை செய்ய ஆள் தேடிப் போனைத் தட்டும்போது சுகாசினி அக்கா பெயர் முதலில் வரவேண்டும். அதற்காகப் பக்கத்தின் அடியில், மனிதர் கண்ணில் படாமல், தேடுபொறி மட்டும் படிக்கும்படி ஒரு பகுதி எழுதவேண்டும், ஸ்கீமா என்பார்கள். இது கடையின் பெயர், இது தொழில், இது திறக்கும் நேரம் என்று கட்டம் கட்டமாய்ச் சொல்லிக்கொண்டே வந்தேன். முகவரிக் கட்டத்தில் நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"காலனின்னு போடாதேபா, பாத்த ஒடனே ஓடிப்பூடுவாங்க. சன்னதித் தெருவுல முனிரத்தினம் தேங்காக் கடை இருக்குது இல்ல, அந்த அட்ரஸைப் போடு. என்கூடப் படிச்சவன், ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அந்த இயந்திரம் நம் சாதியைக் கேட்கவில்லை சித்தப்பா, தெருவைத்தான் கேட்டது. நம் ஊரில் இரண்டும் ஒரே கேள்வி என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவர் சொல்லைத் தட்டாமல் போட்டேன். அக்கா பெயர் ஜம்மென்று மேலே வந்தது. கார்கள் நேரே தேங்காய்க் கடைக்குப் போயின. "இன்னா தம்பி, நான் தேங்கா ஒடைக்கட்டுமா, கழுத்து அளவு எடுக்கட்டுமா?" என்று முனிரத்தினம் போனில் கத்தினார். மன்னிப்புக் கேட்கப் போனால், அதற்குள் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. அர்ச்சனைத் தட்டுகளுக்கு நடுவே ஆளுயரக் கண்ணாடி, அவர் மனைவி கிருஷ்ணவேணியின் கழுத்தில் டேப், வாசலில் 'கிருஷ்ணவேணி ஆரி ஒர்க்ஸ்' என்று புதுப் பலகை. வருகிறவர்களுக்குக் காட்டுவது நம் இணையதளத்தில் இருக்கும் அக்காவின் வேலைப் படங்களை. துணியெல்லாம் மஞ்சள் பையில் கட்டப்பட்டு அக்காவிடமே தைக்க வருகிறது, பாதிக் கூலிக்கு.

"நல்லதுதானே தம்பி, ஒங்க அக்கா ஊட்லயே குந்திக்கினு வேலை பாக்கட்டும். கஸ்டமர் முன்னாடி மட்டும் வரவாணாம்" என்றார், என் கையில் ஒரு பழத்தையும் வைத்து. உங்கள் சிநேகிதர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றீர்களே, உண்மைதான், செய்துதான் காட்டுகிறார்.

ஆகவே நேற்று உள்ளபடியே போட்டுவிட்டேன்: காலனி, சர்ச் தெரு, ஓரிக்கை. சரிபார்க்கும் கருவியில் கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. எங்கள் முகவரியில் பிழை இல்லை என்று இதுவரை இந்த ஊரில் வேறு யாரும் சொன்னதில்லை. இனி நீங்களே நேரில் வந்து கெஞ்சினாலும் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன். காலனிக்குள் கால் வைக்க முடியாதவர்கள் வெறுங்கழுத்து பிளவுஸோடு மணமேடை ஏறட்டும்.

சித்திக்கு ஸ்தோத்திரம். தங்கை பிரவீனாவை நன்றாகப் படிக்கச் சொல்லவும். ஆண்டவர் உங்களைக் காப்பாராக, முக்கியமாக உங்கள் யோசனைகளிலிருந்து.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்து கெட்ட மகன்,
ஜெபகுமார்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் ஒரு கார் வந்தது. தெருமுனையில் கார்க் கண்ணாடியை இறக்கிக் காலனிப் பெயர்ப்பலகையைப் படித்தார்கள், "ராங் லொகேஷன்" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு யாரும் வரவில்லை. மஞ்சள் பையும் நின்றுவிட்டது. "ஒன் கோவத்தை வச்சிக்கினு நான் இன்னாத்தடா தெக்கறது? தெருவைத் தூக்கு" என்றாள் அக்கா. ஸ்கீமாவில் அதற்கும் வழி இருக்கிறது. முகவரியை எடுத்துவிட்டு, 'காஞ்சிபுரம் முழுவதும் வீட்டுக்கே வந்து அளவெடுக்கப்படும்' என்று போட்டுவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் நீங்கள் அடித்துவிட்டே படிக்கலாம். இன்று முதல் அழைப்பு வந்தது. பெரிய இடத்துக் கல்யாணம். அந்தம்மா எந்தத் தெரு என்று மட்டும் கேட்டிருக்கிறார், அக்கா மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.

"அதனால இன்னாமா, தாராளமா வா. முன்வாசல்ல கோலம் போட்டிருக்குது, பின்பக்கமா வந்துடு."

அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.