முதல் வரியிலேயே குடியிருப்பவர்

வாசகரே, நம்மிடையே ‘கடிதம் பார்த்துத் தருபவர்’ என்றோர் இனம் உண்டு. கனடாவின் மார்க்கம் நகரில் நல்ல விருத்தி. பக்கத்து நகரான பிக்கரிங்கிலும் பரவி வருகிறது. வங்கிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிய ஒருவர், அனுப்புமுன் யாரிடமாவது காட்டிவிடுவோம் என்று நினைக்கும் அந்தப் பலவீனமான வேளையில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனையைத் தேடிக்கொண்டு, “எங்கை, கொண்டாரும் பாப்பம்” என்று இவர் தோன்றுவார். கடிதத்தில் கேட்டிருப்பது என்ன என்று பார்ப்பாரா? மாட்டார். அதற்கு முதல் வரியைத் தாண்ட வேண்டும்.

விநாயகமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த றெஜினா ஒருநாள் அவரிடம் வந்தார். அந்த வீடு விற்றாகிவிட்டது. மாத முடிவில் பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். பிக்கரிங்கில் குலசிங்கம் என்பவரின் வீடு சரிவரும் போலிருந்தது. ஆனால், “உங்களைப் பற்றி இங்கிலீசில ஒரு கடிதம் இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்கோ, மகன்தான் வாசிச்சு முடிவு சொல்லுவான், பிந்தினா மற்ற ஆக்களுக்குக் குடுத்திடுவம்” என்று அவர் சொல்லியிருந்தார். றெஜினா எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, மேலே, ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்ற பொருளில், ‘ரு ஹூம் இற் மே கன்சேர்ன்’ என்று போட்டிருந்தார்.

“பிள்ளை, இது பிழை. ஆரெண்டு தெரியாத ஆளுக்குத்தான் இப்பிடிப் போடுறது.”

“அப்ப, டியர் மிஸ்ரர் குலசிங்கம் எண்டு போடட்டா, அங்கிள்?”

“மிஸ்ரருக்குப் பின்னால கடைசிப் பேரெல்லோ வரவேணும்.”

“கடைசிப் பேர் மார்க்கண்டு.”

“அது தகப்பன்ர பேர். மனுசன் செத்து எவ்வளவு காலம். அவரிட்டயோ வீடு கேக்கப் போறீர்?”

“வெறும் குலசிங்கம்?”

“வயசில மூத்தவர், பிள்ளை.”

“டியர் அங்கிள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அகராதியை எடுத்தார். பிறகு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் நண்பரை ஃபோனில் கூப்பிட்டார். நண்பரும் அதே இனம். மணி நாலரையைத் தாண்டியது.

தேத்தண்ணி எடுக்க வரும்படி றெஜினாவைக் குசினிக்குள் அழைத்த விநாயகமூர்த்தியின் மனைவி கமலாம்பிகை, கணவருக்குக் கேட்காமல் சொன்னார்.

“எழுதினது ஃபோனில கிடக்கோ? அப்பிடியே அனுப்பும்.”

“முதல் வரி பிழையெண்டு அங்கிள்...”

“கலியாணம் பேசினவுடன எனக்கும் ஒரு கடிதம் எழுதினவர். திருத்தித் திருத்தி, கலியாணத்துக்குப் பிறகுதான் கையில தந்தவர். நீர் அனுப்பிப்போட்டு, கொஞ்ச நேரம் அவருக்கு முன்னால போய் இரும். மனுசன் சந்தோசப்படட்டும்.”

ஆறு மணியளவில் ‘டியர் சேர்’ என்று தீர்ப்பு வந்தது. றெஜினா எழுந்து நின்று நன்றி சொன்னார். வீடும் கிடைத்தது. “நான் உந்த முதல் வரியைத் திருத்தாட்டி, பாவம், பிள்ளையள் தெருவில” என்று விநாயகமூர்த்தி கோயில் வாசலில் இன்றும் சொல்லிவருகிறார். றெஜினா மறுப்பதில்லை.

ஊருக்கெல்லாம் கடிதம் பார்த்துக் கொடுத்தவர் என்று பெருமைப்படும் வாசகரே, ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அவசரமென்று ஓடிவந்தவர், சிறிது நேரத்தில் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டு, நீங்கள் சொன்னதற்கெல்லாம் சிரித்த முகத்தோடு “ஓம், ஓம்” என்று தலையாட்டத் தொடங்கினாரா? அப்படியானால் கடிதம் எப்போதோ போய்விட்டது.